பாஸ்வேர்டுக்கு முன்னால்

உள்ளே வந்தவன் யார் என்று தெரிந்த பிறகு சந்தேகப்படுவது போலீஸ்காரன் வேலை. யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே சந்தேகப்படுவது என் வேலை. அதற்குத்தான் சௌடையா மொதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்தார். தொண்ணூற்றி ஆறாம் வருசம் அருப்புக்கோட்டையில் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. சாம்ராஜ் கம்ப்யூட்டரைத் துடைத்து வைக்கிறான் என்றுதான் என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மொதலாளிக்கு நூல் வியாபாரம். மில்லில் நூல் வாங்கி நெசவுக்காரர்களுக்குக் கொடுப்பார், சேலையாகத் திருப்பி வாங்கி மதுரைக்கு அனுப்புவார். ஆபீசுக்குப் பின்னாலேயே சொந்த விசைத்தறி ஷெட்டும் இருந்தது. ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர். நான்கையும் வயர் போட்டுச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பெரியதாக சர்வர் என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு மட்டும் தனி அறையும் ஏசியும் உண்டு. மனுசர்களுக்கு ஃபேன்தான், அதுவும் கரண்டு இருந்தால்.

அந்த வருசம் மொதலாளிக்கு ஒரு நோவு வந்தது. காலையில் அவர் சேலைக்கு ஒரு ரேட்டு வைத்தால், பந்தல்குடி ரோட்டில் இருக்கிற இன்னொரு நூல் கடைக்காரர் மத்தியானமே அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தார். ஒரு தடவை என்றால் சரி. தொடர்ந்து நடந்தது. யாரோ கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறார்கள் என்று மொதலாளி முடிவு கட்டிவிட்டார். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. மொதலாளி மதுரைக்கு போன் போட்டால், போனே தேவையில்லை, அப்படியே மதுரைக்குக் கேட்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே டீக்கடை. இதை ஒரு நாள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாங்குகிற சம்பளத்துக்கு உண்டான சோலியைப் பார்க்கச் சொன்னார்.

சோலியைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து பாஸ்வேர்டு கேட்கும். அதை அடித்து உள்ளே போன பிறகு யார் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சட்டம் வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மொதலாளிக்கு அது போதவில்லை. உள்ளே விட்ட பிறகு என்ன காவல், வாசலிலேயே மறிக்க வேண்டும் என்றார். அதனால் அந்த ஒரு வரிக்கு முன்னால் மூன்று சட்டம் போட்டேன். அவரவர் மேசையில் அவரவர் பேர்தான் செல்லும். கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த மேசைக்காரர் பேர் தானாகவே வந்து நிற்கும், பாஸ்வேர்டு மட்டும் அடிக்க வேண்டும். ஆபீஸ் நேரம் தவிர மற்ற நேரத்தில் சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் கதவு திறக்காது. மூன்று தடவை தப்பாக அடித்தால் அந்தப் பேரே பூட்டிக்கொள்ளும். யார் பேர், எந்த மேசை, எத்தனை மணி என்று சர்வர் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அந்தப் பூட்டைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும்.

மொதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோசம். தினம் காலையில் வந்ததும் சர்வர் அறையில் எட்டிப் பார்த்து, "எவனாச்சும் மாட்டுனானா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். வலை விரித்துவிட்டால் மீன் விழ வேண்டும் அல்லவா.

மீன் விழுந்தது. ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் மொதலாளி தன் மேசையில் உட்கார்ந்து, விஜயதசமிக்கு முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அவர் பேர் பூட்டிக் கிடந்தது. நான் சர்வரைப் போய்ப் பார்த்தேன். மொதலாளி பேர், மொதலாளி மேசை, நேரம் முதல் நாள் மத்தியானம். மூன்று தப்பு. அது எல்லாரும் பின்னால் ஷெட்டில் பூசைக்குக் கூடின நேரம்.

பூசை நாளன்று எந்த ஆயுதத்தையும் கையால் தொடக்கூடாது. தறி ஓடாது, கத்தரிக்கோல் வெட்டாது, பேனா எழுதாது. மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டரும் ஆயுதம்தான். அதனால் மொதலாளி அந்த வரியைப் பார்த்ததும் ரேட்டை மறந்துவிட்டார். பூசையன்று அம்மன் முன்னால் வைத்ததில் கை வைத்தது எவன் என்றுதான் முதலில் கேட்டார். அவருடைய அக்கா மகன் கார்த்தீஸ்வரன் அதற்குப் பதில் வைத்திருந்தான். நம்ம ஆட்கள் எவனும் அன்றைக்குக் கை வைக்க மாட்டான் என்றான். அப்புறம் என்னை ஒரு தடவை பார்த்தான்.

நம்ம ஆட்கள் இல்லாத ஆட்கள் ஆபீசில் இரண்டே பேர், இரண்டு வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஒன்று நான். நான் பக்கவாட்டு கேட்டு வழியாக நேரே ஷெட்டுக்கு வந்து, எல்லாரும் பார்க்கப் பின்வரிசையில் நின்றவன். பூசையில் கை கூப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. பொரிகடலைக்குக் கை நீட்டுகிற பழக்கம் நன்றாகவே உண்டு. இன்னொன்று பிலோமி. பில் போடுகிற பிள்ளை. பாளையம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற யாக்கோபுவின் மகள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கையால் பில் எழுதின காலத்திலிருந்து அங்கேயே வேலை பார்க்கிறாள். போன வருசம் பூசையில் என் பக்கத்தில்தான் நின்று பொரி வாங்கினாள். இந்த வருசம் ஷெட்டில் அவளைக் காணவில்லை. அது எனக்கும் ஞாபகம் வந்தது. 

மொதலாளி அறையில் விசாரணை நடந்தது. மொதலாளி, மொதலாளியம்மா சுப்புலட்சுமி, கார்த்தீஸ்வரன் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, நானும் பிலோமியும் நின்றோம். கார்த்தீஸ்வரன் சொன்னது இதுதான்: ஆபீசில் சின்னதாகப் பூசையை முடித்துக்கொண்டு எல்லாரும் ஷெட்டுக்குப் போனார்கள், மணியை ஆபீசிலேயே மறந்து வைத்துவிட்டதால் அவன் எடுக்கத் திரும்பி வந்தான், வரும்போது பிலோமி ஒரு காலை ஆபீசுக்குள்ளும் ஒரு காலை வாசற்படியிலும் வைத்து நின்றாள். அவனைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டாள். அவன் மணியை எடுத்து, சர்வர் அறை நீங்கலாக மெயின் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனான்.

பிலோமி மறுக்கவில்லை. உள்ளே பீப் பீப் என்று விடாமல் சத்தம் கேட்டது, யாரும் இல்லாத அறையில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தேன் என்றாள். தன் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை என்று கார்த்தீஸ்வரன் சிரித்தான். பிறகு மொதலாளி கேட்டார்.

"எல்லாரும் ஷெட்டுல இருக்கும்போது ஒனக்கு மட்டும் ஆபீஸ் வாசல்ல என்னம்மா சோலி?"

அவள் கார்த்தீஸ்வரனை ஒரு தடவை பார்த்தாள். மொதலாளியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். மொதலாளி இரண்டாம் தரம் கேட்டார். பதில் இல்லை. அந்த மௌனம்தான் அவளுக்கு வினையாகப் போயிற்று. மூன்று பேரும் தங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்துக்குத் தாவினார்கள். எனக்கு அந்தப் பாஷை பாதிதான் விளங்கும். ஆனால் திருட்டு என்கிற வார்த்தை எந்தப் பாஷையிலும் சீக்கிரம் விளங்கிவிடும். அவளுக்கும் விளங்கியிருக்கும்.

கூப்பிட்டு அனுப்புகிறேன், அதுவரைக்கும் வீட்டில் இரு என்று மொதலாளி சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்டு அனுப்புகிற வழக்கமே அங்கே கிடையாது. அருப்புக்கோட்டையில் நூல் கடைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஒருவர் வீட்டில் குழம்பு தீய்ந்தால் அடுத்த தெருவில் வாசம் அடிக்கும். மொதலாளி மேசையில் கை வைத்தவள் என்று பேர் விழுந்துவிட்டால், எந்த ஆபீசிலும் அவளை வாசல் ஏற விடமாட்டார்கள். பஸ்ஸேறி மதுரைக்கோ விருதுநகருக்கோ வேலைக்குப் போனாலும், முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்பார்கள் அல்லவா.

அவள் போன பிறகு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சட்டம் போட்டது நான். திரையில் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னதும் நான். அந்த வரியில் பிலோமி பேர் எங்கே இருக்கிறது? மூன்று தப்பு நடந்தது என்று பெட்டி சொன்னது. யார் என்று பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதற்கு முன்னால் நடந்ததுதானே அது. மீதியை எழுதியது கார்த்தீஸ்வரன்.

மொதலாளியிடம் போய் நின்றேன். அவருடைய பாஸ்வேர்டு என்ன என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். குலதெய்வம் சௌடேஸ்வரி பேர்தான். அடிக்கும்போது வாய்விட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித்தான் அடிப்பார். பிலோமி உள்ளே நுழைய நினைத்திருந்தால் முதல் தடவையே சரியாக அடித்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள், மூன்று தடவை தப்பாக அடிக்க அவளுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். நல்ல வாதம் என்றுதான் நினைத்தேன். மொதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப ஒனக்கும் தெரியும்னு சொல்லு."

அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் நானும் சைக்கிள் கடைக்குத்தான் போக வேண்டும். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அதுவும் கசந்தது.

அன்றைக்கு முழுக்க ஆபீசில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் சர்வர் அறைக்குள் போனால் கார்த்தீஸ்வரன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தான். அவன் போன் பேசினால் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒருவேளை அவனே செய்துவிட்டு அவள் தலையில் கட்டுகிறானோ என்றும் தோன்றியது. மணியை எடுக்கத் தனியாக வந்தவன் அவன்தானே. ஆனால் மாமா பேரில் அவன் நுழைந்து என்ன ஆகப்போகிறது, நேரே கேட்டாலே மாமா காட்டிவிடுவார். யோசிக்க யோசிக்க ஆபீசில் இருக்கிற ஒருத்தர் முகமும் நல்ல முகமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில்தான் அந்த பீப் சத்தம் என் மண்டையில் ஏறியது. அதை எல்லாரும் பொய் என்று தள்ளிவிட்டோம். ஆனால் பொய் சொல்கிறவள் எதற்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும்? விடாமல் பீப் பீப் என்று கத்த வேண்டுமானால் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கியபடியே இருக்க வேண்டும். பெட்டி போதும் போதும் என்று அலறும். திருட வந்தவன் அப்படி அமுக்கிக்கொண்டு நிற்க மாட்டான். கை அமுக்கவில்லை என்றால் வேறு ஏதோ அமுக்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் ஆளுக்கு இது உறைக்க ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்றே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மொதலாளியம்மா கொல்லையில் சேலைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் பூசையில் மொதலாளி மேசைமேல் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்று முதலில் முறைத்தார்கள். பிறகு பூசையைப் பற்றிக் கேட்டால் யாரால்தான் சொல்லாமல் இருக்க முடியும். பெட்டி இருட்டாகக் கிடந்தது, கண் திறக்காத சாமிக்கு எப்படிப் பொட்டு வைப்பது என்று கார்த்தீஸ்வரனைச் சுவிட்சைப் போடச் சொன்னார்களாம். வெளிச்சம் வந்ததும் திரையின் மூலையில் சந்தனம் வைத்து, கீழே எழுத்துப் பலகையில் இலை போட்டு, பொரி வைத்து, கடைசியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை முழுசாக வைத்து, மணியடித்துச் சூடம் காட்டிவிட்டு உடனே ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம். மணிச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லையாம். மறுநாள் காலையில் சாமி கும்பிட்டு, அந்தப் பழத்தைத்தான் தறிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்களாம். எழுத்துப் பலகை என்று அவர்கள் சொன்னது கீபோர்டை.

நான் கடைக்கு ஓடினேன். நல்ல கனமான நாட்டுப்பழச் சீப்பு ஒன்று வாங்கினேன். கையில் பழத்தோடு மொதலாளி அறைக்குள் நுழைந்ததும் அவர் என்ன விசேசம் என்று கேட்டார். விசேசம்தான் என்று சொல்லி, அவருடைய கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அவர் பேர் தானாக வந்து நின்றது, பாஸ்வேர்டு கேட்டது. மொதலாளியம்மாவையும் கார்த்தீஸ்வரனையும் கூப்பிட்டு, அன்றைக்கு எப்படி வைத்தீர்களோ அப்படியே வையுங்கள் என்றேன். அவர்கள் இலையை விரித்து, சீப்பின் காம்புப் பக்கம் வலது ஓரத்தில் வருகிற மாதிரி பழத்தை வைத்தார்கள். வலது ஓரத்தில்தான் என்டர் பொத்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டு அடிக்காமல் என்டரை அமுக்கினால் அது ஒரு தப்பு. தப்பானால் பெட்டி மறுபடி கேட்கும். மறுபடி பழம் பதில் சொல்லும். வாயை மூடித் திறப்பதற்குள் மூன்று தப்பு முடிந்து, பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சர்வர் அறைக்கு மொதலாளியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மொதலாளி பேர், மொதலாளி மேசை, அந்த நிமிசத்து மணி. அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மொதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கார்த்தீஸ்வரன் அதற்கும் ஏதோ சொல்ல வந்தான். மொதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சௌடையா மொதலாளியை எனக்கு இன்னும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அவர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கத்துகிற கீபோர்டிலிருந்து பழத்தை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"பழந்தான்னு ஒத்துக்கிடுறேன், சாம்ராசு. ஆனா அந்தப் புள்ள ஏன் ஷெட்டுக்கு வரல? நான் கேட்டதுக்கு ஏன் வாயத் தெறக்கல?"

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. பூட்டைத் திறந்து காட்டினாலும், அது முன்னால் ஏன் பூட்டியிருந்தது என்று கேட்கிற மனுசன். அதை அவளிடமே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், காரை எடுக்கச் சொல்லி, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டார்.

பாளையம்பட்டிக்குக் கார் போய் நின்றபோது யாக்கோபு ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மொதலாளியைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்து எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அதற்குள் சேதி அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது என்பது அந்த முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மொதலாளி அதைக் கவனித்தாரோ என்னவோ, தெருவில் நின்றபடியே, மதுரைக்கு போன் பேசுகிற அதே குரலில், பழத்தால் வந்த வினை, அந்தப் பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னார். அந்தக் குரல் ஒரு நாளாவது நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிலோமி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்று மொதலாளி சொன்னார். சரி என்று தலையாட்டினாள். அதோடு திரும்பி வந்திருக்கலாம். அவர் நகரவில்லை.

"பூசைக்கு வரப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன உன்னக் கட்டாயமா படுத்துனேன்? அங்க வாசல்ல என்ன செஞ்சுக்கிட்டிருந்த, அத மட்டும் சொல்லிரு. என் மனசு ஆறட்டும்."

அவள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் பூசைக்குத்தான் கெளம்புனேன், மொதலாளி. எல்லாரும் தட்டத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குப் போய்ட்டீக. ஆபீஸ் கதவு தொறந்தபடி கெடந்துச்சு. ஒங்க மேசையில சாவிக்கொத்து கெடக்கு, அம்மாவோட கைப்பை கெடக்கு. வெளிய டீக்கடையில வாரவன் போறவன்லாம் நிக்கான். அதான் யாரும் உள்ள போயிரக் கூடாதேன்னு வாசல்லயே நின்னுட்டேன். கதவப் பூட்டுனப்புறம் தாமசமாயிருச்சேன்னு அப்பிடியே வீட்டுக்குப் போயிட்டேன்."

 கதவைப் பூட்டுகிற பொறுப்பு கார்த்தீஸ்வரனுடையது. அவனைக் காட்டிக் கொடுக்காமல் அவனுக்கு முன்னால் எப்படிச் சொல்வாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கே ஏன் இதைச் சொல்லவில்லை என்று மொதலாளி கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"சொல்லியிருந்தா, தப்பிச்சுக்கிட ஒங்க மருமகன்மேல பழி போடுறேன்னு சொல்லியிருப்பீக."

அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்கும் அது தெரிந்தது. காலில் கிடந்த செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"வேலைக்கு நாளைக்கு வாரேன், மொதலாளி. எனக்கு வேலை வேணும். ஆனா இனிமே பூசைக்குப் போகும்போது ஒங்க கதவ நீங்களே பூட்டிட்டுப் போங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். யாக்கோபு குனிந்து மறுபடியும் டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். மொதலாளி காரில் ஏறி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.  அருப்புக்கோட்டை வந்து சேருகிற வரைக்கும் நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.